ஸாத் சூராவுக்குப் பிறகு

நான் அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ரொட்டி விற்கும் அண்ணன் ஒரு காலை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னக்கா, ஸ்கூல மூடிட்டாங்களா? சத்தமே காணோமே."

மூடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பெண் பிள்ளைகள் குர்ஆன் ஓதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் அந்தச் சந்தில் இருக்கும் எல்லோருக்கும் அது காதால் தெரிந்த பள்ளி. பழைய பங்களா, பின்னால் மூன்று மாடி விடுதி. கூடத்துத் தரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடியபடி, ஒவ்வொருத்தியும் தன் பாடத்தை உரக்க ஓதுவார்கள். தெருமுனையில் காரைத் திருப்பும்போதே, தூரத்தில் மழை இறங்கி வருவதுபோல அந்தச் சத்தம் வந்து சேரும். பல வருடங்கள் அந்த வழியாகப் போய்வந்தவள் நான். சத்தத்தைக் கேட்டிருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை.

ஜோர்டானில் படித்துவிட்டு வந்த புதிய முதல்வர்தான் எல்லாவற்றையும் மாற்றினார். என்னைவிட வயதில் சிறியவர், ஆனாலும் எல்லோரையும்போல நானும், ஆசிரியைக்கான அரபுச் சொல்லால், உஸ்தாஸா என்றே கூப்பிட்டேன். குர்ஆனை முழுதாக மனனம் செய்யும் பிள்ளைகள் அரசாங்கத் தேர்விலும் உட்கார வேண்டும், வேதியியலும் கணக்கும் படித்து டாக்டராகவோ பொறியியலாளராகவோ போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு நேரம் வேண்டும். நேரத்தை எங்கிருந்து எடுப்பது? ஓதியதைக் கேட்டுத் திருத்தும் வேலையில் ஆசிரியைகளின் பாதி நாள் போய்விடுகிறது. அந்த வேலையை ஒரு கருவியிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்.

அதற்காகத்தான் நான். கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஹெட்ஃபோன்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நேர்காணலில் உஸ்தாஸா கேட்டார், "ஓதத் தெரியுமா?"

"சின்ன வயசுல ஓதுனது. இப்ப தொழுகைக்கு வேண்டிய சின்ன சூராங்கதான் தெரியும்."

"பரவால்ல. ஓதறதுக்கு இங்க ஆளு இருக்கு. கேக்குறதுக்குத்தான் ஆளு வேணும்."

கூடத்தில் தரைவிரிப்புகளைச் சுருட்டிவிட்டு மேசைகள் போட்டோம். ஒவ்வொரு மேசையையும் சுற்றி மரத்தடுப்பு. குளிர்சாதனம் பொருத்தினோம். பிள்ளை உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மைக்கில் ஓத வேண்டும். எழுத்துப் பிசகினால் காதில் 'டிங்' என்று ஒரு சத்தம், திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. ஓத முடியாமல் நின்றுவிட்டால் கருவியே அடுத்த சில சொற்களை ஓதி எடுத்துக்கொடுக்கும். பக்கத்து மேசையின் மைக்கில் விழக்கூடாது என்பதால் எல்லோரும் மூச்சுக்குரலில் ஓதினார்கள்.

முதல் நாள் நான் கதவருகே நின்று பார்த்தேன். தடுப்புகளுக்கு மேலே வெள்ளை முக்காடுகள் மட்டும் தெரிந்தன. மேசைக்கு மேசை நடந்தபோது உதடுகள் அசைவது தெரிந்தது. சத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை, சோளக்கொல்லையில் காற்றுப் புகுந்ததுபோல ஒரு 'ஸ்ஸ்'. ஆடி ஆடி ஓதிப் பழகிய உடம்புகள் மட்டும் இன்னும் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தன. வேலை நன்றாக நடக்கிறது என்பதற்கான அடையாளம்தான் அது. இருந்தாலும் கை ரோமம் சிலிர்த்தது. குளிர்சாதனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கருவியோடு வந்த குரல் ஒரு ஆணுடையது. கனமான, வெளிநாட்டுக் குரல். பாடம் மறந்து தடுமாறும்போது திடீரென்று காதுக்குள் ஒரு ஆண் பேசினால் எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். குரலை மாற்ற முடியுமா என்று கேட்டேன். பத்து காவான் என்ற ஊரிலிருந்து மென்பொருளைக் கொடுத்த நிறுவனத்தின் தம்பி, முடியும் என்றார். ஒருவர் ஓதிக்கொடுத்தால் பதிந்து உள்ளே போடலாம்.

உஸ்தாஸா யோசிக்கவே இல்லை. ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் ஊர்ப் பிள்ளை அவள். பதினேழு வயது. ஆடி ஓதும்போது கண்ணாடி நழுவாமல் இருக்க, பின்னந்தலையில் ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டியிருப்பாள். பள்ளியில் அவளைவிட வேகமாக மனனம் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவள் ஓதும்போது மற்றவர்கள் தங்கள் பாடத்தை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அரபு புரியாது. ஆனாலும் பல வருடம் சத்தத்தைக் கேட்டே பிழைத்த எனக்கு ஒன்று தெரிந்தது. அந்தக் குரலில் எங்கேயும் அவசரம் இல்லை.

விடுதியில் உபரி மெத்தைகள் அடுக்கியிருந்த சாமான் அறையில்தான் பதிவு. மெத்தைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், வேர்த்துக் கொட்டும். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மற்ற பிள்ளைகள் பூப்பந்து விளையாடப் போகும் நேரத்தில் அவள் வருவாள். மைக்கின் பஞ்சை விரலால் ஒருதரம் தடவுவாள். மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு. பிறகு ஓதுவாள். அந்த மூச்சை வெட்டிவிடலாமா என்று முதலில் நினைத்தேன். வெட்டினால் குரல் எங்கிருந்தோ குதித்ததுபோல இருந்தது. விட்டுவிட்டேன். பதிவு முடிந்ததும் இருவரும் பைப்பில் முகம் கழுவிக்கொண்டு, நான் வாங்கி வரும் பொட்டலம் கட்டிய ஐஸ் தேத்தண்ணியைக் குடிப்போம்.

உஸ்தாஸா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பார்த்து ஓதிப் பதியக்கூடாது, மனனம் செய்த பகுதியை மட்டும் நெஞ்சிலிருந்து ஓத வேண்டும். அவள் மனனத்தை முடிக்கும் நாளில் கருவியின் குரலும் முழுமையாகும். அந்த ஏற்பாடு அவளுக்கும் பிடித்திருந்தது.

"நான் இன்னும் பாடம் பண்ணாத எடத்துல என்னா செய்வீங்க டீச்சர்?"

"அங்க வெறும் டிங்குதான். நீ வந்து ஓதிக் குடுக்குற வரைக்கும்."

"அப்ப நான் லேட் பண்ணுனா எல்லாரும் டிங் டிங்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க" என்று சிரித்தாள். பிறகு, "என் வாய்ஸ் எனக்கே புடிக்கல லா டீச்சர். கேட்டா யாரோ மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான்."

கடைசியாக அவள் பதிந்த அத்தியாயம் ஸாத் சூரா. விடுமுறைக்கு முந்திய நாள். அடுத்தது ஸுமர். "லீவுல ஸுமரப் பாடம் பண்ணிட்டு வந்துடுறேன்" என்றாள். ரப்பர் பேண்டை அவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

விடுமுறை முடிவதற்குள் போய்விட்டாள். டெங்கிக் காய்ச்சல். பெருநிலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று எங்களுக்குச் செய்தி வந்த மறுநாளே அடுத்த செய்தியும் வந்தது. உஸ்தாஸாவும் நானும் இன்னும் சில ஆசிரியைகளும் அடக்கம் நடந்த புக்கிட் மெர்தாஜாமுக்கு வேனில் போனோம். அவளுடைய உம்மா ஒரு கிளினிக்கில் வேலை செய்பவர். தனி ஆளாக வளர்த்தவர். அழாமல் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, "நீங்கதானா அந்த ரெக்கார்டு டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளி திறந்தபோது பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து உஸ்தாஸா பேசினார். குர்ஆனை மனனம் செய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோகிறவர்களைப் பற்றி முன்னோர்கள் சொல்வதுண்டாம். மண்ணறையில் வானவரான ஒரு மலக்கு வந்து மீதியைச் சொல்லிக்கொடுப்பார், அவர்கள் ஓதி முடித்தவர்களாகவே எழுவார்கள் என்று. பிள்ளைகள் அழுதுகொண்டே கேட்டார்கள். நானும் அழுதேன்.

பிறகு உஸ்தாஸா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்தக் குரலை என்ன செய்வது? எடுத்துவிட்டு மறுபடி அந்த ஆண் குரலைப் போடுவதா?

"ஒருத்தர் மௌத்தாப் போன பெறகும் அவங்க குடுத்த கல்வி ஓடிக்கிட்டு இருந்தா அவங்களுக்கு நன்மை போய்ச் சேரும். எடுக்குறதுக்கு எனக்கு மனசு வரல" என்றார். ஆனாலும் அவளுடைய உம்மாவிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரே ஒரு சொல் கேட்டது.

"ஓடட்டும்."

மறுநாள் காலை கருவியை இயக்கினேன். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், உதடுகள் அசைந்தன, அந்த 'ஸ்ஸ்' எழுந்தது. எனக்கு நேர் எதிரே இருந்த சின்னப் பிள்ளை எங்கேயோ தடுமாறி நின்றாள். அவள் முதுகு மெல்ல நிமிர்ந்தது. அவள் காதுக்குள் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். கூடத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பிறகு இன்னொரு முதுகு நிமிர்ந்தது. அப்புறம் தூரத்தில் ஒன்று. யாரோ வரிசைக்கு வரிசை நடந்து, ஒவ்வொருத்தியாகத் தொட்டுக்கொண்டு போவதைப்போல இருந்தது.

அந்த மாதம் திரைகளில் சிவப்புப் புள்ளிகள் கூடின. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஆசிரியைகள் சொன்னார்கள். ஆகவில்லை. இன்னும் கூடின. நன்றாக ஓதும் பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறினார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓதக்கூடிய இடங்களில், பல வருடத்துக்கு முன்பே பாடமாகிப்போன சூராக்களில், நட்டநடுவில் நின்றார்கள்.

ஒருநாள் காலை ஒரு மேசைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். பதிமூன்று வயதுப் பிள்ளை, சாப்பாட்டுக்கடைக்காரர் மகள். விடுதியில் அவளுக்கு மேல்கட்டிலில்தான் இறந்துபோன அந்தப் பிள்ளை படுத்திருந்தாள். வேகமாக, பிழையில்லாமல் ஓதிக்கொண்டு வந்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காத்திருந்தாள். அவள் முகம் மலர்ந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து ஓதினாள்.

தோளைத் தொட்டேன். ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"உனக்கு இந்த எடம் தெரியும்தானே?"

தலையாட்டினாள்.

"அப்பறம் ஏன் நிப்பாட்டுன?"

"தப்பு பண்ணுனாத்தான் அக்கா வருவாங்க டீச்சர்."

"இனிமே வேணும்னு நிக்காத" என்றேன். சரி என்றாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரும்பிய வேகத்திலேயே நிற்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

இதை உஸ்தாஸாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "கொஞ்ச நாள் பாப்போம். அவளத் தேடுதுங்க. தானா விட்டுடும்" என்றார்.

விடவில்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது.

"அக்கா இப்ப எங்க வந்திருக்காங்க?"

"ஸுமர் முடிஞ்சிருச்சாம். முஃமின் சூரால இருக்காங்க."

வீட்டில் ஓதுகிற யாரோ ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை முற்பகலில் அவளுடைய உம்மா வந்தார். பிள்ளைகள் மாடியில் கணக்கு வகுப்பில் இருந்தார்கள். கூடம் காலியாகக் கிடந்தது. கிளினிக்கில் விடுப்பு எடுத்துவிட்டு ஃபெரியில் வந்ததாகச் சொன்னார்.

"ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன் டீச்சர். ஃபோன்ல இருக்குறதெல்லாம் கேட்டுக் கேட்டுத் தேஞ்சுபோச்சு."

ஜன்னலோரத்து மேசையில் உட்காரவைத்தேன். கருவி எப்படி வேலை செய்யும் என்று காட்டினேன். நானும் இன்னொரு ஹெட்ஃபோனைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழா இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் தொலைபேசியில் பாடம் ஒப்பிக்க, குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தவர். அதே குர்ஆனைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்து ஓதுவார், நிறுத்துவார். மகள் எடுத்துக்கொடுப்பாள். மறுபடி ஓதுவார், நிறுத்துவார். முகத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் அது நிம்மதியான அழுகையாகத்தான் எனக்குத் தெரிந்தது.

ஸாத் சூரா முடிந்தது. பக்கத்தைத் திருப்பினார். ஸுமரின் முதல் வரியை ஓதினார். நிறுத்தினார்.

அங்கே 'டிங்' மட்டும்தான் வரும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

மூச்சு கேட்டது. பிறகு அவள் ஓதினாள்.

உம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வரி. நிறுத்தினார். அவள் ஓதினாள். அதே குரல், அதே நிதானம். எங்கேயும் அவசரம் இல்லை. உம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி, சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசையில் வைத்தார்.

"இது அவ ஓதாதது."

நானும் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"லீவுல அவ ஸுமரத் தொறக்கவே இல்ல டீச்சர். ரெண்டாம் நாளே காச்சல். குர்ஆன அலமாரில இருந்து நான்தான் எடுத்தேன், அவ போன பெறகு." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க பதிஞ்சீங்களா?"

"இல்லக்கா. ஸாத்தோட நின்னுடுச்சு."

"அப்ப இந்த மூச்சு உங்களுக்கு எங்கேர்ந்து கெடச்சுச்சு?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. மூக்கால் எடுக்கும் அந்தச் சின்ன மூச்சை நான் நூற்றுக்கணக்கான தடவை கேட்டவள். எந்தப் பதிவில் எவ்வளவு நீளம் என்றுகூடத் தெரியும். இது அது இல்லை. வாயால் இழுக்கும் மூச்சு. நீளமாக, நடுவில் ஒரு சின்னத் தடையோடு.

"ஆஸ்பத்திரில கடைசில இப்படித்தான் இழுத்தா" என்றார் உம்மா.

மாடியில் கணக்கு வகுப்பு முடிந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சாதாரணச் சத்தம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மென்பொருள் தம்பி அன்று மத்தியானமே பாலத்தைக் கடந்து வந்துவிட்டார். உஸ்தாஸாவின் அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

"அக்கா, இது நாங்க செஞ்சது இல்ல. அப்டேட்ல புதுசா வந்த ஃபீச்சர். காலியா இருக்குற எடத்த அதே குரல்ல அதுவே நெரப்பிக்கும். ஒரேயடியா செய்யாது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தும். நானும் கவனிக்கல. மன்னிச்சிருங்க."

"அப்ப ஸுமர யாரு ஓதுனது?" என்று உஸ்தாஸா கேட்டார்.

"யாரும் ஓதல உஸ்தாஸா."

உஸ்தாஸா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். குர்ஆனின் சொற்கள், அவருடைய மாணவியின் குரல், ஓதியவர் என்று யாரும் இல்லை. அவர் ஒரு வருடமாகப் பெருமையோடு எல்லோருக்கும் காட்டிய கூடத்தில்.

நான் அந்த மூச்சை மட்டும் தனியாக எடுத்துத் தம்பிக்குப் போட்டுக்காட்டினேன். மூச்சையும் கருவியே உண்டாக்கும், இல்லாவிட்டால் குரல் பொய்யாகத் தெரியும் என்றார். "சரி, ஆனா எதப் பாத்து உண்டாக்குச்சு? நான் குடுத்த எதுலயும் இப்படி ஒரு மூச்சு இல்லயே." அவர் மறுபடி கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்.

"தெரியலக்கா" என்றார். "எங்கேர்ந்து எடுத்துச்சுனு எனக்குத் தெரியல." அதற்குப் பிறகும் பல பேரிடம் விசாரித்ததாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு பதிலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

சாயங்காலம் உஸ்தாஸா பிள்ளைகளைக் கூட்டினார். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில்தான் உட்கார்ந்தோம். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஸாத் வரைக்கும் கேட்பது அந்தப் பிள்ளை ஓதியது, அதற்குப் பிறகு வருவது கருவி செய்தது என்று. பிள்ளைகள் திடுக்கிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்த பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள். "எங்களுக்குத் தெரியும் உஸ்தாஸா."

"என்ன தெரியும்?"

"அக்கா ஸுமர ஆரம்பிச்சதுலேர்ந்து தெரியும். ஒவ்வொரு வாரமும் எது வரைக்கும் வந்துட்டாங்கனு பாப்போம். இப்ப முஃமின் முடிச்சிட்டு ஹாமீம் ஸஜ்தாவுக்கு வந்துட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "மலக்கு வந்து சொல்லிக் குடுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாப்பாட்டு மேசையில் நான் கேட்டது அப்போதுதான் புரிந்தது. வாரா வாரம் ஏறிய அந்தப் பகுதிகளை இவர்கள் அவள் மலக்கிடம் பாடம் படிக்கும் சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு சூராவாக முடித்துக்கொண்டு வருகிறாள். இவர்கள் பயப்படவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. ஊருக்குப் போன அக்காவிடமிருந்து சேதி வருவதுபோலச் சந்தோஷமாகக் காத்திருந்திருக்கிறார்கள்.

உஸ்தாஸா அவளுக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்தார்.

"சொன்னேன். அது அவளுக்கும் அல்லாவுக்கும் நடுவுல நடக்குறது. நம்ம ஹெட்ஃபோனுக்கு வராது."

கீழ்க்கட்டில் பிள்ளைதான் முதலில் அழ ஆரம்பித்தாள். பிறகு கூடம் முழுவதும். அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தத்தை நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்டதில்லை. உஸ்தாஸா யாரையும் அடக்கவில்லை.

அழிப்பதற்கு முன்னால் அவளுடைய உம்மா வர வேண்டும் என்று காத்திருந்தோம். அதுவரை கூடத்தைப் பூட்டியே வைத்திருந்தோம். நான் சாவியை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டு வேகமாக நடப்பேன். மின்சாரத்தை நிறுத்தியிருந்தேன். உள்ளே ஒன்றும் ஓட முடியாது. தெரிந்தும் அப்படித்தான் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உம்மா வந்தார். தம்பியும் வந்திருந்தார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னோம். உம்மா பொறுமையாகக் கேட்டார்.

"மீதி முழுசும் இருக்கா? கடைசி சூரா வரைக்கும்?"

"இன்னும் கொஞ்சம் வாரம் விட்டா ஏறிடும்மா" என்றார் தம்பி.

உம்மா என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. மகள் குர்ஆனை முடிப்பதைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாய் கேட்டால் யார் மறுப்பது? உஸ்தாஸா மெதுவாக, "அது அவ இல்ல ராத்தா" என்றார்.

"அவ இல்லனு எனக்குத் தெரியாதா உஸ்தாஸா? பக்கத்துலயே ஒக்காந்திருந்தவ நான்."

ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை, ஒரு காதில் மட்டும் பிடித்துக்கொண்டார். தம்பி ஸுமரின் தொடக்கத்தைப் போட்டார். ஒரே ஒரு வரி. உம்மாவின் உதடு கூடவே அசைந்தது. ஹெட்ஃபோனைக் கீழே வைத்தார்.

"இத அழிச்சா அவ ஓதுனதும் போயிடுமா தம்பி?"

"போவாதும்மா. அது தனியா இருக்கு. நான் உறுதியா சொல்றேன்."

"அப்ப அழிச்சிருங்க. அவளுக்கு மூச்சு முட்டுது."

தம்பி அழித்தார். ஒரு நொடி வேலைதான் அது. அந்த வசதியையே நிரந்தரமாக மூடிவிட்டு, மூடியதை எனக்கும் உஸ்தாஸாவுக்கும் காட்டினார். ஸாத் சூராவின் கடைசிச் சொல்லோடு குரல் நின்றது. நான் பலமுறை சோதித்துப் பார்த்தேன். ஸுமரில் நிறுத்தினால் 'டிங்' மட்டும் வந்தது.

பள்ளி பழையபடி ஆகவில்லை. உஸ்தாஸாவும் அதை விரும்பவில்லை. காலை வகுப்புகள் நடக்கின்றன, மூத்த பிள்ளைகள் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், கீழ்க்கட்டில் பிள்ளை வேதியியல்தான் படிக்கப்போகிறாளாம். ஆனால் ஸாத் சூராவுக்குப் பிறகு ஓதுகிறவர்கள் மேசைக்குப் போவதில்லை. கூடத்தின் மேற்கு ஓரத்தில் விரிப்பைப் போட்டு, இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி ஓத இன்னொருத்தி கேட்கிறாள். உரக்கத்தான் ஓதுகிறார்கள். வேண்டுமென்று நிற்பது மெல்லக் குறைந்தது. இப்போதும் அவள் இறந்த மாதம் வரும்போது சிவப்புப் புள்ளிகள் கொஞ்சம் கூடும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

உம்மா எப்போதாவது ஒரு புதன்கிழமை வருகிறார். கேட்டுவிட்டு, பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். நான் மட்டும் அந்த மூச்சின் ஒலித்துண்டை வைத்துக்கொள்ளலாமா, யாரிடமாவது காட்டலாமா என்று யோசித்தேன். கடைசியில் அதையும் நீக்கிவிட்டேன். ஆனால் எனக்கு அது மறக்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் யாராவது களைத்துப்போய் மூச்சிழுத்தால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. சென்ற வாரம் அவர்களில் ஒருத்தி, ஒன்பது வயதுதான் இருக்கும், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், இந்த அக்கா எந்த ரூம்ல இருக்காங்க? நான் இன்னும் பாக்கவே இல்லயே."

மேற்கு ஓரத்தில் ஓதிக்கொண்டிருந்த மூத்த பிள்ளைகள் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"இங்க இல்லம்மா" என்றேன். "புக்கிட் மெர்தாஜாம்ல இருக்காங்க."

"ஓ" என்றாள். ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். ஓத ஆரம்பிக்கும் முன் அதற்குள் சின்னக் குரலில் ஸலாம் சொன்னாள்.